ஓடையோரத்து மூன்று குடும்பங்கள்

2004-இல் நாங்கள் கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில் இருந்தோம். கணவருக்கு மில்பிடாஸில் வேலை. எனக்கு எச்-ஃபோர் விசா. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த ஒரு சிறிய வரலாற்றுக் காட்சியகத்துக்குப் போய்வந்தேன். அந்தப் பகுதியில் முதலில் குடியேறி நிலம் பிடித்தவர்களின் பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் கணினியில் ஏற்றும் சம்பளமில்லாத வேலை.

காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டவர் எண்பதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி. குடியேறிய ஒருவரின் கொள்ளுப்பேத்தி. வெறும் பூமியாகக் கிடந்த இடத்தில் தன் ஆட்கள்தான் முதலில் ஏர் ஓட்டினார்கள் என்று, வருகிற பிள்ளைகளிடம் சொல்வார். அதில் பெருமையைவிட நன்றிதான் அதிகம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மழை, கோதுமை விதைப்பு, செத்துப்போன பசு. நடுவே ஒரு வரி: ஓடையோரம் இருந்த மூன்று இந்தியர் குடும்பங்களை இன்று அப்புறப்படுத்தினோம். அதற்கு அடுத்த வரியில் வேலிக்கு மரம் வந்து இறங்கியிருந்தது.

இந்தியர் என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. அது எங்களைக் குறிக்கவில்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் குறிக்கிறது என்று தெரிந்தும் விரல்கள் ஓடவில்லை.

வீட்டில் சொன்னேன். "நமக்கு எதுக்கு இது?" என்றார் கணவர். "க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கோம். பேசாம டைப் பண்ணிட்டு வா."

மறுநாள் அந்தப் பக்கத்தைக் காட்சியகத்துப் பெண்மணியிடமே நீட்டினேன். இரண்டு முறை வாசித்தார். தங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசியதே இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு வாரம் வரவில்லை. நான் செய்தது தப்போ என்று தவித்தேன்.

மூன்றாவது வாரம் வந்தார். முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நாட்குறிப்பை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்தார். அந்த வரியைப் பெரிய எழுத்தில் அட்டையில் அடித்துத் தரச் சொன்னார். விளக்கம் ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், கொள்ளுத்தாத்தா எழுதியது அப்படியே இருக்கட்டும் என்றார்.

பள்ளி விடுமுறையில் மகளையும் அழைத்துப்போனேன். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆர் தே அஸ், உம்மா?"

"நாம இல்லடா. எல்லாருக்கும் முன்னாடி இங்க இருந்தவங்க."

"வேர் டிட் தே கோ?"

அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண்மணிதான் அவளுக்குப் பதில் சொன்னார். வராமல் இருந்த இரண்டு வாரமும் கவுன்டி அலுவலகத்தின் பழைய ஆவணங்களில் அதைத்தான் தேடினாராம். ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லையாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் கொஞ்ச நேரம் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பிறகு பசிக்கிறது என்றாள்.