ஆந்தை ஏறிய லிஃப்ட்

ஊரிலுள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற அந்த மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் அவருடைய கம்பெனியில் ஒருவரும் இல்லை. நல்ல வேளையாக வீடு தரைத்தளத்தில் இருந்தது. மாடிக்கு ஒன்றாக மேலே நாலு குடும்பம். மூச்சிரைக்க ஏறும்போதெல்லாம், "என்ன லிஃப்ட்காரரே, நமக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். "போட்டுடலாம் சார், கட்டடத்தை மட்டும் கொஞ்சம் இடிக்கணும்" என்பார் இவர்.

அவருடைய மனைவிக்கு அந்தக் கட்டடம் வைத்த பெயர் கோந்தக்கா. முட்டை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுபவர். அது வயிற்றுப் பிழைப்பு. உயிர் இருந்ததெல்லாம் கத்தரிக்கோலிலும் வண்ண அட்டையிலும்தான். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கையால் செய்த வாழ்த்து அட்டை போகும். அது சகஜம், எல்லாரும் செய்வதுதான். ஆனால் யாராவது புது ஃபிரிட்ஜ் வாங்கினால் அதற்கும் அட்டை போகும். பல் பிடுங்கியவருக்கு ஒரு அட்டை, குழாய் ரிப்பேரானவருக்கு ஆறுதல் சொல்லி ஒரு அட்டை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் மறுநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒரு அட்டை இருக்கும். மேலே இரண்டு புறா, உள்ளே 'மன்னித்துவிட்டேன்'. தப்பு யார் பக்கம் என்றெல்லாம் லிஃப்ட்காரர் ஆராய்ச்சி பண்ணுவதில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

வீட்டில் எதையும் தூக்கிப் போட முடியாது. பாட்டில் மூடி, பழைய பித்தான், காலியான பவுடர் டப்பா, எல்லாவற்றுக்கும் மறுபிறவி உண்டு. ஜிகினா தலையணையில் இருக்கும், சோப்பில் இருக்கும், சில நாள் சோற்றிலும் இருக்கும். எந்த மோட்டார் பெட்டிக்குள் ஜிகினா மின்னினாலும், நம்மாள் வந்து போயிருக்கிறார் என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். லிஃப்ட்காரர் முணுமுணுப்பார், தும்முவார், அவ்வளவுதான். பெண்டாட்டி உட்கார்ந்து ஒட்டுகிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்துக்காக ஜிகினாவைத் தின்னலாம் என்று அவர் எப்போதோ முடிவு பண்ணியிருந்தார்.

வினை ஆந்தை உருவத்தில் வந்தது.

கிடங்கில் கிழிந்த முட்டை அட்டைகளைச் சும்மா எடுத்துக்கொள் என்றார்கள். கோந்தக்கா அள்ளிக்கொண்டு வந்தார். அட்டையின் குழிகளை வெட்டி வெட்டி அடுக்கினால் அச்சு அசல் இறக்கை. கண்ணுக்குப் பாட்டில் மூடி. சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு முழ உயரத்தில் ஆந்தை ஆந்தையாகச் செய்தார். இத்தனை ஆந்தைக்கும் கடைக் கோந்து கட்டுப்படியாகாது என்று அடுப்பில் மாவுப் பசை காய்ச்சினார். பசையோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. காய்ந்ததும் பளபளவென்று இருக்கட்டுமே என்று கை நிறையச் சர்க்கரையும் போட்டார்! மாடி வீடு நாலுக்கும் ஆளுக்கொரு ஆந்தை போயிற்று. "ஐயோ, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குக்கா!" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. முதல் மாடி நர்ஸ் வீட்டு ஆந்தையின் முகத்தை எலி தின்றது. இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர் வீட்டில் எறும்புகள் சாரை சாரையாக வந்து வாலில் ஆரம்பித்துத் தலை வரை முடித்துவிட்டுப் போயின. மூன்றாம் மாடி டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருநாள் விளக்கைப் போட்டபோது ஆந்தை அசைந்தது. அத்தனையும் கரப்பான். மனுஷன் அலறிய அலறலில் தெருவில் போன சைக்கிள் நின்றது. தப்பியது நாலாம் மாடிக் கணக்கு வாத்தியார் வீட்டு ஆந்தை ஒன்றுதான். அவர் எதையும் மாட்டவும் மாட்டார், எறியவும் மாட்டார். தகர டப்பாவில் அந்துருண்டை போட்டு மூடி வைத்திருந்தார்.

இந்தச் செய்தி லிஃப்ட்காரருக்குத் தெரியும். கோந்தக்காவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவருக்கும்தான். இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோந்தக்கா முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"என்னங்க, முடிவு பண்ணிட்டேன். முட்டைக் கடை வேலையை விட்டுடறேன். தெருமுனையில சலூனுக்குப் பக்கத்து ரூம் காலியா இருக்கு. கைவினைக் கடை போடப் போறேன்."

 லிஃப்ட்காரருடைய முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று. இன்னும் எத்தனை நாள் மோட்டார் அறை ஏணியில் ஏற முடியும் என்று அவருக்கே தெரியாது. அந்த ஏணி வேலை போனால் முட்டைக் கணக்குத்தான் அடுப்பு எரிக்கும்.

"நல்லா யோசிச்சியாம்மா? யாராவது வாங்கணுமே."

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை மாடியில எல்லார் வீட்டுக்கும் போயி, ஆந்தையை எங்க மாட்டியிருக்காங்க, எப்படி வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வரப் போறேன். பாத்துட்டு திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிடுவேன்."

மனிதர் நிலைமையைப் பாருங்கள். ஆந்தை இல்லை என்று தெரிந்தால் பெண்டாட்டி உடைந்து போவாள். இருக்கிறது என்று நம்பினால் வேலையை விட்டுவிடுவாள். இரண்டு பக்கமும் அடி. ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அழ மட்டும் விடக் கூடாது என்று தீர்மானித்தார். சனிக்கிழமை அவரே ரகசியமாக ஒரு ஆந்தை செய்து பார்த்தார். அது ஆந்தையைப் பார்த்துப் பயந்துபோன வேறு எதையோ போல வந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஆந்தை. அந்த ஒன்றுதான் நாலு வீட்டிலும் தொங்க வேண்டும். கோந்தக்கா ஒரு வீட்டு வாசலில் செருப்பு மாட்டி அடுத்த மாடி ஏறுவதற்குள் ஆந்தை அவரை முந்திக்கொண்டு போயாக வேண்டும். ஏறி இறங்கப் படிக்கட்டு ஒன்றே ஒன்று. அப்புறம் எப்படி? அவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லையா! பின்பக்கத்து பால்கனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக இருந்தன. மொட்டை மாடிச் சுவரில் ஒரு கப்பியை மாட்டினார், கயிறு விட்டார், நுனியில் துணிப்பையைக் கட்டினார். சத்தம் வரக் கூடாது என்று கம்பெனி கிரீஸையே தடவினார். ஆக, அந்தக் கட்டடத்துக்கு ஒருவழியாக லிஃப்ட் வந்தது.

"அக்கா கிளம்பின உடனே பையில போட்டு ரெண்டு இழு இழுங்க. நான் மேல தூக்கிடறேன்" என்று வீடு வீடாகப் பாடம் நடத்தினார். எல்லாரும் குற்ற உணர்ச்சியில் இருந்ததால் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் மட்டும், "எனக்குப் பொய் சொல்ல வராதேப்பா" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். உங்க வீட்டுல இருக்கிறது உங்க ஆந்தைதானே?"

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லிஃப்ட்காரர் மொட்டை மாடிக்கு ஏறினார். ஆந்தை அதற்குள் டப்பாவை விட்டு நர்ஸ் வீட்டு ஆணிக்கு வந்திருந்தது. கோந்தக்கா புதுப் புடவையில், கையில் அளவு நாடாவோடு கிளம்பினார்.

முதல் மாடி அமர்க்களமாக நடந்தது. நர்ஸ் டீ கொடுத்தாள், ஆந்தையைத் திருஷ்டி படும் அளவுக்குப் புகழ்ந்தாள், வாசலில் நிறுத்தி இடுப்பு வலி பற்றி ஒரு பிரசங்கமும் செய்தாள். கயிறு இரண்டு முறை இழுபட்டது. லிஃப்ட்காரர் தூக்கினார்.

இரண்டாம் மாடியில் ஆந்தை ஆணியில் ஆடிக்கொண்டே இருந்தபோது கோந்தக்கா உள்ளே நுழைந்துவிட்டார்.

"ஏன் தம்பி, இது ஆடுது?"

"ஃபேன் காத்துக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கோந்தக்கா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அது ஓடவில்லை. "கரன்ட் இப்பத்தான் போச்சு" என்று மருந்துக்கடைக்காரர் சொல்லும்போதே உள்ளே டிவி பாடிக்கொண்டிருந்தது. கோந்தக்கா மூக்கை உறிஞ்சினார். "நர்ஸ் வீட்டுலயும் இதே அந்துருண்டை வாசனை வந்துச்சு. எல்லாரும் ஒரே கடையில வாங்குறீங்களா?"

"என் கடையிலதான்கா!" என்றார் மருந்துக்கடைக்காரர். வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக அவர் பதில் சொன்னதில்லை.

மூன்றாம் மாடியிலும் எல்லாம் சுபம். கோந்தக்கா பார்த்தார், அளந்தார், செருப்பை மாட்டினார், கதவு மூடிக்கொண்டது. இரண்டு படி ஏறியதும் அளவு நாடாவை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பினார். தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளினார். சுவரில் வெறும் ஆணி. பால்கனியில் டிரைவிங் ஸ்கூல்காரர் ஆந்தையைத் தலைகீழாகப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். எதிரே லாரி வந்தாலும் பதறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிற மனுஷன், கையும் களவுமாகப் பிடிபட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணல. கரப்பான்தான்கா. எல்லாம் கரப்பான்" என்று கேட்காமலே முழுக்கதையையும் ஒப்பித்துவிட்டார்.

மேலே லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் என்று கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து பார்த்தார். பையை ஒரு கை சரிசெய்துகொண்டிருந்தது. விரல் நுனியில் காய்ந்த பசை. அந்தக் கையை அவருக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும்.  கீழேயிருந்து கோந்தக்கா நிமிர்ந்தார். மேலே கிரீஸ் பூசிய கையோடு, ஆந்தை முழி முழித்துக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தார்.  ஆந்தையை நேராக உட்கார வைத்து, கயிற்றை இரண்டு முறை இழுத்தார்.

லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில் தூக்கிவிட்டார். நாலாம் மாடியில் வாத்தியார் வாங்கிக்கொண்டார். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, வாத்தியார் வீட்டு வாசல்படியில் கோந்தக்கா உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாத்தையுமா தின்னுடுச்சு?"

"ஆமாம்மா. சர்க்கரை."

"ஏங்க என்கிட்ட சொல்லல? வேலையை விடுறேன்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அது பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீ அழுதுடுவியோன்னு அதைவிட பயமா இருந்துச்சு."

அதற்குள் கதவு திறந்தது. கணக்கு வாத்தியார் வெளுத்த முகத்தோடு நின்றார். பின்னால் சுவரில் ஆந்தை. நாலு வீடு ஏறிய களைப்பில் அதன் ஒரு கண் விழுந்திருந்தது. கோந்தக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். 

"சார், நீங்க ஒருத்தர்தான் பத்திரமா வெச்சிருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

லிஃப்ட்காரர் பின்னாலிருந்து கண்ணால், கையால், வாயால் ஜாடை காட்டினார். 

"பிடிக்கலம்மா. ராத்திரி பாத்தா பயமா இருக்கு. அதான் டப்பாவுல போட்டேன்."

"அப்ப எறிஞ்சிருக்கலாமே சார்?"

"அது எப்படி? நீங்க எனக்குன்னு உக்காந்து செஞ்சதாச்சே!"

கோந்தக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பா அது? சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் சிரித்தார். கீழே பால்கனிகளில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மூன்று வீட்டாரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

படி இறங்கும்போது கோந்தக்கா புருஷன் கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய முழங்கால் அன்றைக்கு வேலைநிறுத்தமே செய்தது. இரண்டாம் மாடி வளைவில் நின்றார்கள்.

"நாளைக்கு வழக்கம்போல முட்டைக் கடைக்குப் போறேங்க."

"நல்லா யோசிச்சுக்கோ. நான் வேணாம்னு சொல்லல. ஆசைப்பட்டா கடை போடு, பாத்துக்கலாம்" என்றார் லிஃப்ட்காரர். நிஜமாகவே சொன்னார்.

"ஏங்க, இந்தக் கட்டடத்துல அத்தனை பேரும் ஒரு ஆந்தையைத் தூக்கிட்டு அலைஞ்சது என் மேல உள்ள பாசத்துலதானே? கடைக்கு வர்றவங்களுக்கு என் மேல என்னங்க பாசம்? அவங்க ஆந்தையைத்தானே பாப்பாங்க?"

 லிஃப்ட்காரர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே மெதுவாக, ஒவ்வொரு படியாக, இரண்டு பேரும் இறங்கினார்கள்.