பக்கெட்டைத் தூக்கி வைத்து ஆயில் பார்த்த முதலாளி

பாலவனத்தம் அருளப்பன் முதலாளி செத்துப்போனார்... நேற்று விடியக்காலை.

'ஆழ்ந்த இரங்கல்' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

முன்னால் மண் அள்ளும் பக்கெட்டோடு லோடர் மாட்டிய பழைய டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். கண்மாய்க் கரம்பை மண், சூளை மண், கருவேல மரத்தூர்... சுத்துப்பட்டில் எதை அள்ளவும் அந்த வண்டிதான். நான் அதற்கு டிரைவர். எனக்குக் கல்யாணமான புதிது.

மனுஷனுக்கு வண்டி என்றால் உயிர். காலையில் ஹைட்ராலிக் ஆயில் லெவலைப் பார்த்த பிறகுதான் சாவியே தருவார். எவனாவது பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினால் தொலைந்தான்.

"ஏலே கூறுகெட்டவனே! பக்கெட்டு மேல நின்னா ஆயிலு பூராம் சிலிண்டருக்குள்ள போயிரும்லே. கம்மியாத்தான் காட்டும். தரையில எறக்கி வச்சுட்டுக் குச்சிய உருவு!"

இதை அவர் வாயாலேயே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் 'அவருக்குத் தெரிந்திருக்காது' என்று யாரும் வக்காலத்து வாங்க வராதீர்கள். தெரியும். நல்லாவே தெரியும்.

திருச்சுழியில் ஒருவர் புது வண்டி எடுத்து என்னைக் கூப்பிட்டார். "மாசம் பொறந்ததும் நின்னுக்கிறேன் முதலாளி" என்று முறையாகத்தான் சொன்னேன். "போப்பா, நல்லா இரு" என்று சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த டீயை நம்பித்தான் மோசம் போனேன்.

மறுநாள் காலை... பஸ் ஸ்டாப் டீக்கடை முன்னால் வண்டி நிற்கிறது. டவுனுக்குப் போகிற கூட்டம் அத்தனையும் அங்கேதான். முதலாளி வண்டியில் ஏறி, பக்கெட்டை உச்சிக்குத் தூக்கினார். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு டிப்ஸ்டிக்கை உருவி எல்லோருக்கும் காட்டினார். நுனியில்கூட ஆயில் இல்லை.

"பாருங்கய்யா! ஊத்துன ஆயில உருவி வித்துப்புட்டு இந்த நாயி திருச்சுழிக்கு ஓடப் பாக்குது!"

"முதலாளி, பக்கெட்ட எறக்கிட்டுப் பாருங்க... நீங்களே சொல்வீகள்ல..." என்றேன். செவிட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

திருச்சுழிக்காரர் அன்றைக்கே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு என் பேர் 'ஆயில்' முருகேசன். எவனும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. காரியாபட்டிப் பக்கம் குவாரிக்குப் போய்க் கல் உடைத்தேன்.

தண்ணீர்க் குழாயடியில் என் வீட்டுக்காரியை "ஆயிலு பொண்டாட்டி" என்று கூப்பிட்டார்கள். அவள் குடத்தைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன்... இதே மாதிரி ஊர் பார்க்க அந்த ஆளின் மூஞ்சியில் கரியைப் பூசுவேன் என்று.

பூசுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்காக விட்டுவிட முடியுமா?

இன்றைக்கு நானும் சொந்தமாக ஒரு பழைய லோடர் வண்டி வைத்திருக்கிறேன். நேற்று அவர் மகன் போன் செய்தான். "அண்ணே, மழையில கல்லறைத் தோட்டத்துப் பாதை அத்துக்கிட்டுப் போச்சு. அப்பா வண்டி ரிப்பேராக் கெடக்கு. கொஞ்சம் வந்து நெரவிக் குடுங்கண்ணே."

"இந்தா வாரேன்" என்றேன். என்னா சுறுசுறுப்பு தெரியுமா எனக்கு!

வண்டியை நேராகக் கொண்டுபோய் அவர் வீட்டுத் துக்கப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கெட்டை உச்சிக்குத் தூக்கினேன். இன்ஜினை ஆஃப் செய்தேன். டிப்ஸ்டிக்கை உருவி அந்தப் பையன் கையில் கொடுத்தேன்.

"ஆயிலு இருக்கா தம்பி?"

"இல்லண்ணே... காஞ்சு கெடக்கு."

குச்சியைத் துடைத்து மாட்டிவிட்டு, பக்கெட்டைத் தரையில் இறக்கினேன். "இப்ப உருவிப் பாரு."

"லெவலு கரெக்டா இருக்குண்ணே."

அன்றைக்கு டீ ஆற்றிக்கொண்டே வேடிக்கை பார்த்த டீக்கடைக்காரர் பந்தலில்தான் இருந்தார். எழுந்து வந்தார். "ஏப்பா முருகேசா... அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கும் இதேதான் அண்ணாச்சி. அவுகளுக்கும் தெரியும்."

பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். துக்க வீடாம், மரியாதையாம்... என் செவிட்டில் விழுந்தபோது அந்த மரியாதை எங்கே போயிருந்தது? பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு பாதையை நிரவிக் கொடுத்தேன். ஜெபம் முடிந்து பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

நான் ஒரு பக்கெட் போட்டேன்.

குழியை மூடி முடித்து, பக்கெட்டை அங்கேயே தரையோடு இறக்கினேன். இறங்கி வந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன்.

ஆயில் சரியாக இருக்கிறது முதலாளி... நீங்க போங்க.