மழையில் பார்த்த வீடுகள்

இன்றைக்கும் ஊட்டி மார்க்கெட்டில் என்னைக் கண்டால் ரஹீம் பாய் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார். போன வாரமும் அப்படித்தான். கேரட் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மேகத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"என்னங்க்கா, மழை வர்ற மாதிரி இருக்கு. மறுபடியும் ஊடு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். ரஹீம் பாய் கையில் இருந்த குடையிலிருந்து ஈரத் துணியும் துருவும் கலந்த ஒரு வாடை வந்தது. மலையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். அதை முகர்ந்தால் எனக்கு வயது பத்தாகிவிடும்.

ரஹீம் பாய் வீட்டுத் தரகர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மழை பெய்தால்தான் வீடு பார்க்க வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "வெயில் நாள்ல வந்து பாருங்க்கா, ஊடு தகதகன்னு இருக்கும்" என்று கெஞ்சுவார். அந்தத் தகதகப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நான் வளர்ந்தது கிளென்மார்கன் பக்கத்தில் ஒரு எஸ்டேட் குவார்ட்டர்ஸில். அப்பா தேயிலை பாக்டரியில் பிட்டர். தகரக் கூரை, முன்னால் ஹைட்ராஞ்சியா புதர், பின்னால் சரிவு முழுக்கத் தேயிலை. மாசி மாதத்தில் பார்த்தால் காலண்டர் படம்போல இருக்கும். ஆனி மாதம் வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற பாத்திரங்கள் எல்லாம் தரைக்கு வந்துவிடும். அண்டாவில் விழும் சொட்டுக்கு ஒரு சத்தம், தாளிக்கிற கரண்டியில் விழும் சொட்டுக்கு ஒரு சத்தம். சமைக்கப் பாத்திரம் இல்லாமல் அம்மா உப்புமா ஒன்றையே மூன்று வேளையும் கிண்டிய நாட்கள் உண்டு.

ஒழுகினாலும் அந்த வீட்டின் மேல் அப்பாவுக்கு ஏக மரியாதை. நான் ஒருமுறை என் பள்ளிக்கூட போட்டோவை மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடிக்கப் போனேன். ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கினார். "கம்பெனி செவுரு கண்ணு. ஆணி அடிக்கக்கூடாது." எங்கள் வீட்டில் காலண்டர்கூட ஜன்னல் கொக்கியில்தான் தொங்கியது. அப்பா ரிட்டயர் ஆகி, சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு, அம்மா காலி வீட்டைக் கழுவிவிட்டுத்தான் வந்தார். அடுத்து வருகிறவர்கள் யாரென்றே தெரியாது. இருந்தாலும் கழுவினார்.

பிறகு நான் நர்ஸ் ஆனேன். அதுவும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான். மறுபடியும் குவார்ட்டர்ஸ். கல்யாணம் செய்துகொண்டவர் பஸ் டிரைவர், மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே வளைவு வளைவாக ஓட்டியவர். சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத மனிதரை முப்பது வருடமாக 'வீட்டுக்காரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ.

நானும் ரிட்டயர் ஆகும் நேரம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் லிப்ட் வைத்த ஓர் அபார்ட்மென்ட்டைப் பார்த்து வைத்திருந்தார். கிளட்ச் மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் போயிருந்தது, பாவம். எனக்கோ ஊட்டியிலேயே காந்தல் பக்கம் ஒரு பழைய வீடு வேண்டும். வேலைக்குச் சேர்வதற்கு முன்பு பயிற்சிக்காக அங்கே ஓர் அறையில் தங்கியிருந்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட முன்னறைகள், நெய் டின்களில் ஜெரேனியம், படி ஏறும்போது முனகும் பலகைகள். அந்தத் தெருவில் நடந்து போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போவேன். வாரத்துக்கு ஒரு வீடு மாறும். கற்பனைக்கு அட்வான்ஸ் கேட்பவர் யார்?

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். "இந்த மழை முடியறதுக்குள்ள கெடைச்சா காந்தல். இல்லீன்னா மூச்சுக் காட்டாம கோயமுத்தூர் வந்துரோணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

முதலில் பார்த்த வீடு அழகோ அழகு. நாங்கள் மாடியைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் வேறொருவர் கீழே பேசி முடித்துவிட்டார். சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடப் போகிறாராம். இரண்டாவது வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் அண்ணன் தம்பிகளில் ஒருவர் சொந்தக்காரர். சமையலறைக்கு உரியவர் துபாயில் இருந்தார், போனை எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் பின்சுவரை அடைத்து ஒரு பெரிய பீரோ நின்றது. என் வீட்டுக்காரர் அதன் பின்னால் கையை விட்டு எடுத்தார். உள்ளங்கை பச்சையாக வந்தது, பாசி. "இத வாங்கினா மீன் வளக்கலாங்க பாய்" என்றார். ரஹீம் பாய் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஆடி முடிந்து ஆவணியும் வந்தது.  என் வீட்டுக்காரர் மகளோடு போனில் பேசும்போதெல்லாம் லிப்ட்டைப் பற்றி விசாரிப்பார்.

அன்றைக்கு நல்ல மழை. ரஹீம் பாய் தாமே கூப்பிட்டார். "இதான் கடைசிங்க்கா. இதுக்கு மேல எங்கிட்ட ஊடும் இல்ல, காஞ்ச சட்டையும் இல்ல."

கதவைத் திறந்தவர் ஜமீலாக்கா. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், தனியாக வாழ்பவர். மூச்சுத் திணறலுக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மேட்டுப்பாளையத்தில் மகளோடு இருக்கப் போகிறார். நாங்கள் உட்காருவதற்குள் முன்னறையின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு வாளி. டொக் டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஒழுகும்ங்க. சமையக்கட்டுலயும் ஒரு எடம் இருக்கு. மத்தபடி நல்ல ஊடு."

 இத்தனை மழையில் இத்தனை வீடு ஏறி இறங்கியதே ஒழுகாத வீட்டுக்காகத்தான். ஆனால் ஒழுகுவதை வாசலிலேயே சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"ஒருத்தர் வந்தாருங்க" என்றார் ஜமீலாக்கா. "இடிச்சுட்டு காட்டேஜ் கட்டறேன்னாரு. மருமகனுக்கு அதுல இஷ்டம். எனக்கு மனசு வரல. நீங்க இங்கயே இருப்பீங்களா?"

"இருக்கத்தான் வந்தோம்" என்றேன். சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை.

ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே வளைவில் ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து, "ரெண்டாவது போடு... போடு தம்பி..." என்று தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். என்ஜின் சத்தம் மாறியது. "ஆங், போட்டுட்டான்." ஜமீலாக்கா டீ கொண்டுவந்து கொடுத்தார். அது ஆறியது. அடுத்த பஸ் வந்தது. அதற்கும் கியர் போட்டு ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

"ஏம்புள்ள, அந்த மூலையில ரெண்டு தகரம் மாத்துனா ஒழுகறது நின்னுடுமில்ல?"

கோயமுத்தூர் லிப்ட் கீழே இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "அக்கா, இந்தச் செவுத்துல ஆணி அடிக்கலாங்களா?"

ஜமீலாக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். "உங்க ஊட்டுல நீங்க ஆணி அடிக்கறதுக்கு என்னைய ஏனுங்க கேக்கறீங்க?"

மழையைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்க ஊடு என்று என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஐப்பசியில் குடி வந்தோம். மார்கழியில் முதல் உறைபனி விழுந்த அன்று, சாயங்காலமே முன்னறைக் கணப்பில் தீ மூட்டினோம். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள், மேலே இரண்டு தைலமரக் கட்டைகள். கொஞ்ச நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் எதிர்வீட்டுப் பெண் சங்கீதா, சால்வை ஒரு பக்கம், நிரம்பிய வாளி ஒரு பக்கம்.

"அக்கா, உங்க கூரையில புகை வருதுங்க! தீப்பிடிச்சுக்கிச்சா?"

புகைபோக்கிதான் என்று உள்ளே அழைத்துக் கணப்பைக் காட்டினேன். "எங்க ஊட்டுலயும் இது இருக்குங்க்கா. சும்மா அழகுக்குன்னு நெனச்சு அடைச்சு டிவி வெச்சுட்டோம்" என்றாள்.

நான் பயிற்சிக்காகத் தங்கியிருந்த நாட்களில் இந்தத் தெருவில் சாயங்காலமானால் எல்லாக் கூரைகளிலும் புகை எழும். பயிற்சி முடிந்து மேட்டில் ஏறி வரும்போதே யார் வீடு திரும்பிவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை என்று தெரியும். ஒரு வீட்டில் புகை வரவில்லையென்றால் பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டுவார்கள், காய்ச்சலோ என்னவோ என்று. கேஸ் வந்தது, ஹீட்டர் வந்தது, புகை நின்றது. யாரும் அது நின்றதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. இன்று புகை வந்ததற்காக ஒருத்தி வாளியோடு ஓடி வருகிறாள்.

சங்கீதா வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தீயின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த டிவியை வேறு எந்தச் சுவருக்கு மாற்றலாம் என்று என்னிடம் கேட்டாள்.