மேல் அடுக்கு, கீழ் அடுக்கு

பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டு, ஆளுக்கொரு சந்தனப் பொட்டோடு அலமாரியில் நிற்கின்றன. கண்ணை மூடினால் இன்றும் முதலில் அதுதான் வருகிறது. அந்தப் பொட்டுகளை வைத்தவன் நான்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். டெல்டா பக்கத்து எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எங்களுக்குச் சாம்பிள் வரும். ஒரே கிணற்றில், பூமிக்கடியில் இரண்டு அடுக்குகளின் எண்ணெய் கலந்துதான் மேலே வரும். அதில் எந்த அடுக்கின் பங்கு எவ்வளவு என்று சொல்வது எங்கள் வேலை. ஒவ்வோர் அடுக்கின் எண்ணெயையும் கலக்காமல் தனித்தனிப் பாட்டிலில் முன்பே அனுப்பிவிடுவார்கள். மெஷினில் ஏற்றினால் ஏறி இறங்கும் ஒரு வரைபடம் வரும். கைரேகை மாதிரி, ஒவ்வோர் எண்ணெய்க்கும் அது வேறு. கலவையின் ரேகையை இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் பங்கு தெரிந்துவிடும்.

அந்த ரேகை பார்ப்பதில், கூட வேலை பார்த்த அக்காவை மிஞ்ச எங்களிடம் ஆளில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர், கண்டாச்சிபுரம் பக்கம் ஊர். அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார் அவர் அம்மா. ரிப்போர்ட்டில் இனிஷியலோடு முழுப்பெயரையும் நிதானமாக எழுதித்தான் அக்கா கையெழுத்துப் போடுவார். நான் அதைக் கிண்டல் செய்வேன்.

ஒரு புதுக் கிணற்றின் பாட்டில்கள் வந்த மறுநாள் ஆயுத பூஜை. அக்கா லீவு. மெஷினையும் மேசையையும் துடைத்த நான், பக்தி முற்றிப்போய் ஈரத்துணியால் பாட்டில்களையும் துடைத்தேன். லேபிள்கள் இரண்டும் துணியோடு வந்துவிட்டன. எது எதில் இருந்தது என்று யோசித்தேன். தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஒட்டினேன், பொட்டு வைத்தேன், பொரி சாப்பிடப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அக்கா வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கீழ் அடுக்கு எண்ணெயில மெழுகு இவ்ளோ கம்மியாவா இருக்கும்? பாட்டில யாருனா தொட்டீங்களா?"

"இல்லக்கா, வந்தது வந்தபடியேதான் இருக்குது."

பயம்தான், வேறென்ன. அவர் என்னை நம்பினார், கையெழுத்துப் போட்டார்.

மேல் அடுக்கிலிருந்து பத்தில் மூன்று பங்குதான் வருகிறது என்று ரிப்போர்ட் போனது. அதை நம்பி, தண்ணீரும் சேர்ந்து வந்துகொண்டிருந்த அந்த அடுக்கை சிமென்ட் போட்டு அடைத்தார்கள். எண்ணெய் வரத்து பாதிக்கும் கீழே போனது. கீழ் அடுக்கிலிருந்து மட்டும் மிச்சம் வந்த எண்ணெயைப் பரிசோதித்தால், மேல் அடுக்கு என்று நாங்கள் பதிந்து வைத்திருந்த ரேகையோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டும் இடம் மாறியிருந்தன. பாட்டில்களை அதற்குள் காலி செய்து கழுவியாகிவிட்டது. பாட்டிலிலிருந்து மெஷின் குப்பிகளில் ஊற்றியவர் அக்கா. "நான்தான் மாத்தி ஊத்தியிருப்பேன் சார்" என்று மீட்டிங்கில் அவரே சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் வேலையாம். தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னார்: "கேஸ் அடுப்ப மூடினேனான்னு தெருமுனை வரிக்கும் போயிட்டு, திரும்பி வந்து பாக்கறேன் தம்பி. என் கைய எனக்கே நம்பிக்கை இல்லாம போச்சு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. துணி, லேபிள், பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் மாத்தி ஊத்தல?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் மாத்தல இல்ல?"

"நீங்க மாத்தலக்கா."

கண்டாச்சிபுரம் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"எங்கம்மா கேட்டுக்கினே இருந்தாங்க தம்பி, நீ அப்பிடிச் செய்யிற பொண்ணு இல்லியேன்னு. நான்தாம்மா செஞ்சேன்னு சொல்லிச் சொல்லி நம்ப வச்சேன். நம்பிட்டுதான் செத்துப் போனாங்க."