பத்தாம் கட்டிலின் பொட்டாசியம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்த்தாள். மாடியில் இருப்பவர்களுக்கு அவள் வெறும் போன் குரல். ‘லேப் அக்கா’ என்பார்கள். எதிரே வந்து நின்றால் பாதிப்பேருக்கு ஆள் தெரியாது. கூட இருந்தவர் மாற்றலாகிப் போனபின் பகல் முழுக்க மெஷின்களோடுதான் குடித்தனம். ஆறு வருடங்களுக்கு முன் கணவரின் ரத்தமும் அதே மெஷினில்தான் ஓடியது. எகிறிக் கிடந்த வெள்ளை அணுக்களை முதலில் பார்த்தவளும் அவள்தான், போனை எடுத்து மாடிக்குச் சொன்னவளும் அவள்தான். அதன்பின் வீட்டிலும் பேச்சுக்கு ஆளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனாள். சிறுநீரக வார்டின் பத்தாம் கட்டில்காரருக்கான முடிவு திரையில் வந்தது. பொட்டாசியம் எட்டுக்கு மேல். இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. காலையில் அவருக்கு ஐந்துகூட இல்லை. அடுத்த வரியில் கால்சியம் அதலபாதாளத்தில் கிடந்தது. அவளுக்குப் பொறி தட்டியது.

வார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் இளம் டாக்டர்.

“பத்தாம் பெட்டுக்குப் பொட்டாசியம் எட்டு தாண்டிக் காட்டுது டாக்டர். ஆனா நான் இதை நம்பல.”

“கிட்னி பேஷன்ட்தானேக்கா, ஏறியிருக்கும். அதை இறக்க இன்சுலின் ஏத்திடறோம்.”

“கொஞ்சம் பொறுங்க. கால்சியமும் அடியோட இறங்கியிருக்கு. நிஜமா அப்படின்னா மனுஷன் இந்நேரம் கைகால் இழுத்துக் கிடக்கணும். ஈசிஜி எடுத்துப் பாருங்க. நானே வந்து வேற ரத்தம் எடுக்கறேன்.”

லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது. பத்தாம் கட்டில்காரர், ரிட்டயரான பஸ் டிரைவர், சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை.

“நீங்க யாரும்மா? புதுசா இருக்கீங்க.”

“கீழ லேப்ல இருக்கேன்.”

“ஓ, எங்க ரத்தத்தையெல்லாம் குடிக்கறது நீங்கதானா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று! “உங்களை ஒரு வாரமா எனக்குத் தெரியும். கிரியேட்டினின் நேத்து நல்லா இறங்கியிருக்கு. கிட்னி தேறுதுன்னு அர்த்தம்.”

“அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலையே!” என்று அவர் முகம் மலர்ந்தார். ரத்தம் எடுத்து முடித்து ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தியவள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

நர்ஸ் தயங்கித் தயங்கி வந்தாள். “முன்னாடி எடுத்தப்ப சிவப்பு மூடி டியூப்ல ரத்தம் பத்தலக்கா. ஊதா மூடியிலேர்ந்து கொஞ்சம் ஊத்திட்டேன்.”

“ஊதா டியூப்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கும்மா. அதுலயே பொட்டாசியம் உண்டு, கால்சியத்தையும் அது பிடிச்சு வச்சுக்கும். பத்தலைன்னா இனிமே எனக்கு ஒரு போன் போடு.”

புது ரத்தத்தில் பொட்டாசியம் நாலு புள்ளி எட்டு. இன்சுலின் ஏற்றவில்லை; ஏற்றியிருந்தால் சரியாக இருந்த பொட்டாசியமும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். டாக்டர், “நல்லவேளைக்கா” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அவள் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

புதனும் வியாழனும் அவருடைய டியூப் வந்தது. வெள்ளிக்கிழமை வரவில்லை. குணமாகிப் போனாலும் இறந்துபோனாலும் கீழ்த்தளத்துக்கு ஒன்றுதான்: டியூப் வராது. மதியம்வரை பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“பத்தாம் பெட்டுக்காரர்…”

“காலையில வீட்டுக்குப் போயிட்டாருக்கா. ஏன், ரிசல்ட் ஏதாவது பாக்கியா?”

“இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்.”