லேபல் இல்லாத போத்தல்

எச்.ஐ.வி. மருத்துவத்தில் விசேட பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவோ, விசாரித்த சொந்தக்காரர் எல்லோரிடமும் "பிள்ளை தோல் வருத்தங்கள் படிக்கிறாள்" என்று சொல்லி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கிளினிக்கில் நான் முதலில் கற்ற வேலையும் மறைப்பதுதான். மாத்திரைப் போத்தலில் மருந்தின் பெயரும் அது எந்த நோய்க்கு என்பதும் அச்சாகியிருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்து, நகத்தால் சுரண்டி, அந்த லேபலை எடுத்துவிட்டுத்தான் நோயாளியிடம் கொடுப்போம். இத்தனை வருடம் படித்து நகத்தில் பசையோடு நிற்கிறேனே என்று அலுத்துக்கொள்வேன். என்னைப் பயிற்றுவித்த நிபுணர் சிங்களப் பெண்மணி. என் அலுப்பைக் கண்டு அவர் சிரிக்கமாட்டார். "வேளை தவறாமல் விழுங்க வேண்டுமென்றால், முதலில் பயமில்லாமல் வீட்டில் வைத்திருக்க முடிய வேண்டும்" என்பார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க இருவருக்கும் நடுவில் என் கதிரையைப் போடுவார்கள்.

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் மாதாமாதம் வருவார். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவர். மறுபடி போவதற்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது. பிள்ளைகளோடு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் இருந்தார். அடுத்த அறை இருமல்கூட இந்தப் பக்கம் கேட்கும். விஷயம் வெளியே தெரிந்தால் எல்லோரும் தண்ணீர் எடுக்கும் பீலியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கவும் விடமாட்டார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தில் மிகை எதுவும் இல்லை.

ஒருமுறை, மாத்திரை ஒன்று குறைகிறது என்று முன்கூட்டியே வந்து நின்றார். பயிற்சியில் படித்த கேள்வி என் வாயில் தயாராக இருந்தது.

"ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"இல்லைங்க டொக்டரம்மா. நானேதான் முழுங்கினேன். முழுங்க வச்சாங்க."

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. போன மாதம் மருந்தோடு திரும்பும்போது, கம்பளைக்குப் போகும் வழியில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை, பெயரில்லாத போத்தல், உள்ளே வெள்ளை மாத்திரைகள். இது என்ன என்று பெண் பொலிஸ் கேட்டிருக்கிறார். கிளினிக் அட்டையைக் காட்டினால் விட்டிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்றது அடுத்த காம்பராக்காரி, லயத்தில் பக்கத்து அறையில் இருப்பவள். அதனால் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஒன்றை விழுங்கிக் காட்டு என்றார்களாம். காலை மாத்திரையை ஏற்கெனவே போட்டிருந்தவர், தண்ணீர்கூட இல்லாமல் இன்னொன்றையும் விழுங்கியிருக்கிறார்.

அவருடைய பாதுகாப்புக்கென்று நாங்கள் சுரண்டியதே அங்கே வினையாகியிருந்தது.

"அதோட விட்டுச்சா? பஸ்ஸுல ஏறுனதும் அந்தக் காம்பராக்காரி, 'அக்கா, எனக்கும் ஒடம்பு அசதியாத்தான் இருக்கு, ஒன்னு தாங்க'ன்னு கைய நீட்டிட்டா. தரமாட்டேன்னுட்டேன். இப்ப லயம் பூரா நான் கஞ்சப்பிசினாறிங்க" என்றார்.

எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். நிபுணர் எழுந்து அலுமாரியைத் திறந்து, குறைந்த மாத்திரையை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். கூடுதலாக ஒன்று போட்டதால் கெடுதல் இல்லை என்று சொல்லச் சொன்னார். புதுப் போத்தலில் 'ஆஸ்பத்திரி மருந்து, காலை, இரவு' என்று மட்டும் சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி ஒட்டினார். பிறகு ஒன்றைக் கேட்கச் சொன்னார். என் மனதிலும் அந்தப் பயம்தான் இருந்தது. மருந்தை விட்டால் அவர் பிழைக்கமாட்டார்.

"பயந்து நிப்பாட்டிப் போடுவீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறா."

"நிப்பாட்டுறதா? ஊரு வாயில கஞ்சப்பிசினாறின்னு பேரு வாங்கிக் காப்பாத்துன மாத்திரைங்க. அத நிப்பாட்டுவேனா?"

நிபுணர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலை முழுதாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. "மாட்டாராம்" என்று மட்டும் சொன்னேன்.