வடிகட்டி அக்கா

“வேண்டாம்ணே. இவ்வளவு கோவம் உடம்புக்கு ஆகாது” என்று கணினித் திரையிடம் சொல்லிவிட்டு, வாசகர் எழுதிய அந்தக் கருத்தை நீக்குகிறார் அக்கா. அடுத்தது வருகிறது. “தம்பி, நீ இன்னும் சாப்பிடலை போல.” அதுவும் போகிறது. மூன்றாவதை முணுமுணுத்தபடி இரண்டு தடவை படித்து, “இது நியாயம்” என்று வெளியிடுகிறார். எழுதியவர் யாரோ, என்ன வயதோ, யார் கண்டது? ஆனால் நாலு வரி படித்தால் போதும், அவர் அண்ணனா, தம்பியா, மாமாவா, பெரியம்மாவா என்று இவருக்கு முடிவாகிவிடும். முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட வசவும் பாதிதான் சுடும் என்பது அவர் கணக்கு.

செய்தி இணையதளம் ஒன்றில் அவருக்கு வேலை. செய்திகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் வடிகட்டி அக்கா என்றால்தான் தெரியும். கேலியாக வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டார். “வடிகட்டாம ஒருநாள் டீ குடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்” என்பார்.

நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவர் மேசை. பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க், அதில் வெறும் வெந்நீர். மிகவும் மோசமான கருத்து வந்தால் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிடுவார். எழுத்தெல்லாம் மங்கி எறும்புக் கூட்டமாகத் தெரியும். அந்த மங்கலிலேயே நீக்கிவிட்டு, ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவார். தேவையில்லாததை ஏன் மனசுக்குள் விட வேண்டும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

கெட்ட வார்த்தை தென்பட்டால் தானாகவே குப்பைக்குத் தள்ளும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. மற்றவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அக்காவின் காலை அங்கேதான் தொடங்கும். இந்த வேலைக்கு வருமுன் குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார் எடுத்தவர். “மொதல்ல கோவம் பேசும். அது பேசி ஓஞ்சப்புறம்தான் ஆள் பேசுவாங்க. நடுவுல போனை வெச்சிட்டா, எந்தத் தெருவுல தண்ணி வரலைன்னே தெரியாமப் போயிடும்” என்பார். ஆகவே திட்டுக்குப் பின்னால் ஏதாவது விஷயம் இருந்தால் நீக்க மாட்டார். எழுதியவருக்குத் தனியாக மறுமொழி அனுப்புவார்: ‘ஐயா, நீங்கள் சொல்லும் செய்தியை எல்லோரும் படிக்க வேண்டும். வசவை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள், போட்டுவிடுகிறேன்.’ பலர் அனுப்ப மாட்டார்கள். சிலர் அந்த வசவோடு இன்னும் இரண்டைச் சேர்த்து அனுப்புவார்கள். வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் அவருடைய கணவருக்கு இதெல்லாம் நம்பவே முடியாத சங்கதி. “வீட்டுல நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றவ, அங்க போய் ஐயாங்கிறா” என்று உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் ஆசிரியர் அவரை அழைத்தார். கருத்துப் பகுதியை மூடிவிடுவதாக முடிவாகியிருந்தது. மாதக் கடைசியில் அக்கா விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

“யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க. பூரா சண்டை. நம்ம பேரும்தான் நாறுது.”

“மூடினா திட்டறவங்க வேற இடம் பாத்துப்பாங்க சார். நம்ம தப்பைச் சொல்ல வர்றவங்களுக்குத்தான் வேற இடம் இல்ல.”

“அப்படி யாரு வர்றாங்க?”

அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அன்று திரையிலிருந்த எந்த அண்ணனிடமும் அவர் பேசவில்லை. மனசு அவ்வளவு விட்டுப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குப்பையில் ஒன்று கிடந்தது. பெரிய மருத்துவமனையில் புது லிஃப்ட் ஓடத் தொடங்கியதாக வந்த செய்திக்கு வந்த கருத்து. முதல் மூன்று வரியை இங்கே எழுத முடியாது. நாலாவது வரி: ‘லிஃப்ட் திறந்த மறுநாளே நின்னுபோச்சு. நடக்க முடியாத என் வீட்டுக்காரியை நாற்காலியோட மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்.’

அக்கா வழக்கம்போல மறுமொழி அனுப்பினார். ‘எனக்குப் பாடம் எடுக்க நீ யாரு’ என்று தொடங்கிப் பழைய மூன்று வரியைவிடக் காரமாகப் பதில் வந்தது. கண்ணாடி தலைக்கு ஏறியது. வெந்நீர் குடித்தார். நீக்குவதற்குக் கை போய்விட்டது. பிறகு என்ன தோன்றியதோ, கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுதினார்: ‘உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார்? எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்று சொல்ல முடியுமா?’ முதல் கேள்வியை அழித்தார். தெரியாத மனிதரிடம் கேட்கலாமா என்ற தயக்கம். மறுபடி சேர்த்து, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டார்.

மதியம் வரை சத்தமில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. ‘இப்ப பரவாயில்ல. கேட்டதுக்கு நன்றிங்க. எலும்பு முறிவுக் கட்டடம்.’ கீழே, பழைய கருத்து திருந்திய வடிவில் இருந்தது. வசவு ஒன்றுகூட இல்லை.

அதை வெளியிட்டுவிட்டு, அந்தச் செய்தியை எழுதிய பெண் நிருபரைக் கூப்பிட்டார். “நான் கமெண்டே படிக்கிறதில்லக்கா. போன தடவை என் மூக்கைப் பத்தி எழுதியிருந்தாங்க” என்றாள் அவள்.

“மூக்கெல்லாம் நான் எடுத்துட்டேன். இதை மட்டும் படி.”

படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மருத்துவமனை அனுப்பிய அறிக்கையை நம்பி, நேரில் போகாமல் எழுதிய செய்தி அது. அப்போதே கிளம்பிப் போனாள். லிஃப்ட் வாசலில் யாரும் நுழையாதபடி ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்தப் படத்தோடு, வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியதாகத் திருத்தம் வெளியானது. அதன் கீழே நோயாளிகளின் உறவினர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள், யாரை எப்படித் தூக்கிப் போனோம் என்று. அந்த வாரமே லிஃப்ட் பழுது பார்க்கப்பட்டது.

ஆசிரியர் அத்தனையையும் உட்கார்ந்து படித்தார். “சரி, கொஞ்ச நாள் நடக்கட்டும். ஆனா ஒரு புகார் வந்தாலும் மறுபடி யோசிக்க வேண்டி வரும்” என்றார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஃப்ளாஸ்க் மூடியோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார்.

கருத்துப் பகுதி தொடரும் என்று இணையதளத்தில் அறிவிப்பு போட்டார்கள். அதற்கு வந்த முதல் கருத்து இதுதான்: ‘தொடர்வது சரி. ஆனால் இதைப் பார்க்கிற ஆள் தூங்குகிறாரா? காலையில் எழுதினால் சாயங்காலம்தான் வருகிறது. வேறு ஆளைப் போடுங்கள்.’

நிருபர் பெண் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். “அக்கா, இதைத் தூக்கிடுங்க. ஆசிரியர் கண்ணுல பட்டா வம்பு.”

அக்கா அந்த வாசகரின் பழைய கருத்துகளைத் தேடி எடுத்து, எழுதிய நேரத்தையும் வெளியான நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“பெரியப்பா சரியாத்தான் சொல்றாரு” என்றார். கருத்தை வெளியிட்டு, பக்கத்தைத் திறந்ததும் எல்லோர் கண்ணிலும் படும்படி அதை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்தார்.